இகுவானா ஒளிய நாலு இலை

ஓர் ஓணான் மறைந்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

வேலை முடிந்து ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, வயலோரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். வேலிக்கம்பம் ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது. நான் நெருங்கியதும் ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. கம்பத்தின் அந்தப் பக்கமாக ஒரு சுற்று, பக்கத்தில் நாலு இலை, அவ்வளவுதான். ஆளைக் காணோம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு இல்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. ஒளிய இடம் இருக்கிறது, ஒளிந்துகொண்டது. எதற்குப் பயப்பட வேண்டும்?

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் இருக்கிற இகுவானாவுக்கு ஒளிய ஓர் இலைகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இகுவானாவை ஓணானின் வெளிநாட்டுச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் என்னோடு கெமிஸ்ட்ரி படித்த தோழி வெளிநாடு போகும்போது, அரசாங்கத்தில் பதிவு செய்த பேப்பரோடு சேர்த்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அப்போது கைக்குள் அடங்குகிற குட்டி. இப்போது மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தால் கிட்டத்தட்ட என் உயரம். முதுகு நெடுக சீப்புப் பல் மாதிரி முட்கள், தாடைக்குக் கீழே தொங்குகிற தோல், எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற பொன்னிறக் கண். வெயிலில் படுத்து ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறபோது, ஊரே தனக்குச் சொந்தம் என்பதுபோல இருக்கும். சாப்பாடு இலை, தழை, பூ மட்டும்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு அத்தைக்கு அது இன்றுவரை முதலை.

கூண்டைச் செய்தது நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் அவருக்கு வேலை. வீட்டுப் பக்கவாட்டில், அறை போல ஆள் உள்ளே நின்று நடமாடுகிற உயரத்துக்கு, ஆங்கிளும் கம்பிவலையும் வைத்து வெல்டிங் அடித்தார். முடித்துவிட்டு ஒரு தட்டு தட்டினார்.

"ஆனைய உள்ள உட்டாக்கூட அசையாது பாப்பா."

உண்மைதான். அசையவில்லை. அதுதான் பிரச்சினை. இகுவானா அந்தக் கம்பிவலையில் மூக்கை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேய்த்துக்கொண்டே போகும், திரும்பி வரும். மூக்கு நுனியில் செதில் உரிந்து, சதை தெரிந்து, ரத்தம் கட்டியது. சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் தூக்கிப் போனோம். களிம்பு கொடுத்தார். காலையில் களிம்பு, சாயங்காலம் மறுபடி ரத்தம்.

ஓணானைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சார், அது வெளிய போகப் பாக்கலன்னு நெனைக்கிறேன். ஒளிய எடம் தேடுது."

"இருக்கலாம். பெரும்பாலும் அதான் காரணம். நாலு பக்கமும் தொறந்து கெடக்கற எடத்துல அதுக்கு நிம்மதி இருக்காது. உயிருள்ள செடியா வைங்க. ஆனா ரெண்டு விஷயம். அது ஏறி மிதிக்கும், அதனால செடி தாங்கணும். அது கடிச்சுத் தின்னும், அதனால ஒத்துக்கணும். எந்தச் செடின்னு எனக்குச் சொல்லிட்டு உள்ள வைங்க. இப்டியே முட்டிக்கிட்டு இருந்தா புண்ணு எலும்பு வரைக்கும் போயிடும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்."

தாங்கணும், ஒத்துக்கணும். அன்று இரவுச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை. நைனா முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

"தாங்கற செடின்னா நான் காட்றேன் வா. எங்க கம்பெனி வாசல்ல கீது பாரு. மேல இரும்புத் தூளு, பக்கத்துல லாரிப் பொக, தண்ணி ஊத்தறதுக்கு நாதி கெடையாது. இன்னா மினுக்கு மினுக்குது தெரியுமா? அங்கயே வாழுதுன்னா நம்ம ஊட்ல வாழாதா?"

இதைவிடச் சரியான பரிசோதனை வேறென்ன இருக்க முடியும் என்று எனக்கும் தோன்றியது. எங்கள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்தப் புகையில் பிழைத்தது எங்கும் பிழைக்கும் என்பது எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. செடிக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கும் அதையே சொல்வோம். அந்த வாரத்திலேயே நைனா மில் வாட்ச்மேனிடம் கேட்டு மூன்று தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இளஞ்சிவப்பு அரளி ஒன்று, மஞ்சளும் சிவப்புமாகக் குரோட்டன்ஸ் ஒன்று, ஆபீஸ் வரவேற்பறையில் வைப்பார்களே, அகல இலையில் வெள்ளையைத் தெளித்த மாதிரி இருக்கும், அது ஒன்று. மூன்றும் அத்தனை செழிப்பு. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். டாக்டரிடம் பேர் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வைப்பதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை ஆடு வந்தது.

பக்கத்து வீட்டு அத்தை ஆடு வளர்க்கிறார். எங்கள் கேட்டுக்கும் அவர் ஆடுகளுக்கும் தீராத பகை. அன்று கேட் திறந்திருந்தது. வெள்ளாடு ஒன்று நுழைந்து நேராகத் தொட்டிகளிடம் வந்தது. அரளியை மோந்தது, தள்ளிப் போனது. குரோட்டன்ஸை மோந்தது, தள்ளிப் போனது. வெள்ளைப் புள்ளி இலைக்கு மோந்து பார்க்கிற மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அம்மாவின் செம்பருத்தியில் போய் வாயை வைத்தது.

"ஏய்! ஓட்டு ஓட்டு! என் பூச்செடிய மொட்ட அடிக்குது பாரு!" அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னாம்மா நீ, ஆட்ட கட்டி வளக்க மாட்டியா?"

அத்தை கேட்டுக்கு வெளியிலிருந்தே பதில் சொன்னார். முதலை இருக்கிற வீட்டுக்குள் அவர் வரமாட்டார்.

"ஏன்கா இம்மாங் கத்தற? நாலு எல துன்னா செடி செத்தா பூடும்? போன மாசங்கூடத்தான் துன்னுச்சு. திரும்ப தழைக்கல?"

"ஆடும் உன்னுது, ஞாயமும் உன்னுதா?"

அவர்கள் சண்டை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, எனக்கு உள்ளே ஏதோ படபடவென்று சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஆடும் மாடும் திரியாத ரோடு கிடையாது. கம்பெனி வாசலிலும் திரியும், ஹைவே நடுவிலும் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு செடி கவனிப்பாரில்லாமல் மினுமினுவென்று நிற்கிறதென்றால், அதை எதுவும் தின்னவில்லை என்று அர்த்தம். தின்னாததற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? ஊரிலேயே செழிப்பான செடிகளைத் தேடித் தேடி, ஊரில் யாரும் வாய் வைக்காத செடிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

டாக்டருக்குப் போன் போட்டு மூன்று செடிகளின் பேரையும் சொன்னேன்.

"அரளியா? முதல்ல அத எடுத்து வெளிய வைங்க. நாலு எல போதும், கத முடிஞ்சிடும். அந்தப் புள்ளி எல வாயெல்லாம் வெந்துடும். குரோட்டன்ஸ் பாலும் ஆகாது. எல்லாத்தையும் தொட்ட கைய சோப்பு போட்டுக் கழுவுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நைனா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட பாவி. தெனிக்கும் அந்த அரளி நெழல்லதான்டா நான் குந்திக்கினு நாஷ்டா துன்றேன்."

"நெழல துன்னலயே? போய் கைய கழுவு" என்றார் அம்மா.

தொட்டிகள் மறுநாளே மில் வாசலுக்குத் திரும்பின. சாயங்காலங்களில் நான் அத்தையின் ஆடுகளுக்குப் பின்னால் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். எதைத் தின்கிறது, தின்ற பிறகு எது திரும்பவும் துளிர்க்கிறது, இதுதான் கணக்கு. அத்தைக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"படிச்சிட்டு கம்பெனி லேப்ல வேல பாக்கற பொண்ணு, ஆட்டு பின்னால சுத்துதேன்னு ஊரே கேக்குது. உங்கம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?"

"முதலைக்கு சாப்பாடு பாக்கறேன்னு சொல்லுங்க அத்த."

"ஆட்ட பாத்துக்கினே அப்டி சொல்லாத, பயமா கீது."

ஆடு தின்பதெல்லாம் இகுவானாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. ஏரிக்கரையில் ஆடுகள் சவுண்டல் மரத்துத் தழையை அத்தனை ஆசையாகத் தின்றன. டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். அசைபோடுகிற வயிறு வேறு, இது வேறு. ஆக, ஆடு முதல் சல்லடை, டாக்டர் இரண்டாவது சல்லடை. இரண்டிலும் தங்கியது முதலில் செம்பருத்தி. இலை, பூ எல்லாம் சாப்பாடு. நர்சரியில் வாங்கினால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், மண்ணில் உரமணிகள் கிடக்கும். மண்ணை உதறி மாற்றி நட்டு, புதுத் தளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் வீட்டிலேயே மருந்தே படாத செடி இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"ஆட்டுக்கிட்ட இருந்து காப்பாத்தி உன் ஓணானுக்குக் குடுக்கணுமா?" என்றார். ஆனால் தொட்டியிலிருந்த இன்னொன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்து கூண்டில் வைத்தார்.

இகுவானா அதைச் சுற்றி வந்தது. நாக்கை நீட்டித் தொட்டது. ஏறியது. அதன் ஏற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நீண்ட விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இடம் தேடிப் பிடிக்கும், உடம்பு பின்னாலேயே ஒழுகி வரும். பாதி ஏறியதும் பட்டென்று ஒரு கிளை. அது இறங்கித் திரும்பியபோது வால் ஒரு வீச்சு, இன்னொரு கிளை. மிச்சத்தைச் சாப்பிட்டது. சாயங்காலம் அங்கே ஒரு குச்சிதான் நின்றது. முருங்கை வைத்துப் பார்த்தோம், அதன் கிளை ஏறுவதற்கு முன்பே முறிந்தது. ஒத்துக்கொள்கிறது, தாங்கவில்லை. மறுபடி கம்பிவலை, மறுபடி மூக்கு. ஆறிக்கொண்டிருந்த பொருக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தன் பச்சை நூல்சேலை ஒன்றை எடுத்து வந்து, கூண்டின் இரண்டு பக்கத்துக்கு வெளியே கட்டிவிட்டார். தேய்ப்பது கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை.

மறுநாள் அதே வயலோரம். ஓணான் இருந்த அதே கம்பம். அதைக் கம்பம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் உச்சியிலிருந்து இலைகள் வந்திருந்தன. இதய வடிவில், கையகல இலை. பூவரசு.

எங்கள் பக்கத்தில் வேலி அப்படித்தான் போடுவார்கள். பூவரசங்கிளையைக் கழியாக வெட்டி வரிசையாக நட்டுவிட்டால் போதும். முள்கம்பியையும் தாங்கிக்கொண்டு, வேரும் விட்டு, துளிரும் விடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஓணான் ஏறியது கம்பம், ஒளிந்தது இலை, இரண்டும் ஒரே மரம். ஆடு பூவரசைத் தின்னும், அதை ஏரிக்கரையிலேயே பார்த்திருந்தேன். டாக்டரிடம் கேட்டேன். செம்பருத்திக்குச் சொந்தம்தான், வைக்கலாம், ஆனால் மற்ற தழையும் வழக்கம்போல் கொடுங்கள் என்றார்.

நைனாவிடம் சொன்னபோது சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"கம்பமும் அதான், எலையும் அதானா? லோடும் தாங்கும், தானா ரிப்பேரும் ஆவும்! மில்லுல இப்டி ஒரு கம்பி கெடச்சா எப்டி இருக்கும்?"

வேலியைக் கழித்துக்கொண்டிருந்த வயல்காரரிடம் போய்க் கேட்டோம். கைக்கு அடங்காத பருமனில் கழிகளைப் பொறுக்கிக்கொண்டதைப் பார்த்து, "எந்த நெலத்துக்கு வேலி போடப் போற?" என்றார் நைனாவிடம். "நெலத்துக்கு இல்ல, கூண்டுக்குள்ள" என்றார் நைனா.

தொட்டிக்கு நைனா, கம்பெனிக்கு ரசாயனம் வந்த ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தார். தொழிற்பேட்டையைச் சுற்றி எந்த வீட்டில் பார்த்தாலும் அந்த நீல டிரம் இருக்கும். தண்ணீர் பிடிக்க, நெல் வைக்க. நான் குனிந்து மோந்தேன். சால்வென்ட் வாடை.

"இது வேணாம் நைனா."

"நல்லா கழுவிட்டேன் பாப்பா."

"லேப்ல தெனமும் இந்த வாடையோடதான் இருக்கேன். பிளாஸ்டிக்குல ஊறிப்போச்சு, போவாது. வேர் இழுக்கும், எலைக்கு வரும், அது துன்னும்."

"பேஜாரா கீதே உன்னோட" என்று சொன்னாலும், பிஸ்கட் கம்பெனிக்கு சர்க்கரைப் பாகு வந்த டிரம்மைத் தேடிப் பிடித்து வந்தார். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. அடியில் ஓட்டை, மேலே செங்கல் ஜல்லி, பிறகு செம்மண்ணும் மட்கிய இலையும். எல்லாவற்றுக்கும் மேலே, இகுவானாவின் வாய்க்குள் போக முடியாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்கள். இலையோடு மண்ணையும் கல்லையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கழிகள் பின்னல் மாதிரி ஒன்றையொன்று தாங்கும்படி சாய்த்து நட்டு, கயிற்றால் கட்டினோம். ஒரு டிரம்மோடு நிறுத்தாமல் இரண்டு செய்தோம்.

பிறகு காத்திருந்தோம். வேர் பிடிக்குமுன் இகுவானா ஏறினால் கழி ஆடும், வேர் அறுந்துபோகும். சேலையும் களிம்புமாக அதைச் சமாளித்துக்கொண்டு, டிரம்களை வெளியே வெயில் பட வைத்திருந்தோம். நைனாவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பட்டையை நகத்தால் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தார்.

"நோண்டிக்கினே இருந்தா அது எப்டி வேர் உடும்? உடுய்யா அத்த" என்று அம்மா அதட்டினார்.

ஒரு கழி அழுகியது. மற்றவற்றில் முதலில் மிளகு மாதிரி ஒரு முளை. பிறகு சுருட்டி வைத்த இலை. பிறகு ஒரு மழை பெய்தது, அவ்வளவுதான், யாரோ பம்ப் அடித்த மாதிரி இலைகள் விரிந்தன. வேரில்லாத ஒரு கட்டை, சர்க்கரைப் பாகு டிரம்மில், தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொள்கிறது! எனக்கு வேலை ஓடவில்லை. லேபில் எல்லோரிடமும் போட்டோ காட்டினேன். கழியை ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை என்ற பிறகுதான் ஒரு டிரம்மை உள்ளே வைத்தோம்.

அன்று நைனா மில்லிலிருந்து வந்து கூண்டைப் பார்த்ததும் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"பாப்பா! எங்க அது? கதவ தொறந்து உட்டுட்டியா?"

அடுத்த வீட்டிலிருந்து அத்தை: "ஐயையோ, முதல வெளிய வந்துடுச்சா? என் குட்டிங்க! டேய், பட்டிய சாத்துடா!"

நான் ஓடி வந்து பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே பூவரசு மட்டும் நின்றது. நானும் நைனாவும் கம்பிவலையில் முகத்தை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேடினோம். இப்போது மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது நாங்கள். அம்மா பின்னால் வந்து நின்று, நிதானமாகக் கையை நீட்டினார்.

"தோ. வாலப் பாருங்க."

கிளை என்று நாங்கள் தாண்டிப் போன ஒன்று, கொஞ்சம் அசைந்தது. அதற்கு மேலே இரண்டு இலைகளுக்கு நடுவில் ஒரு பொன்னிறக் கண். நாலு காலின் விரல்களும் கழியைச் சுற்றியிருக்க, வயிறு கிளையில் படிந்திருக்க, தாடையின் தோல் தளர்ந்து தொங்க, அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறதோ! அந்த ஓணானின் முகத்தில் இருந்த அதே நிதானம். கழி அதன் கனத்தில் ஒரு விரற்கடை வளைந்து, அப்படியே நின்றது.

"இம்மாம் பெரிய ஒடம்ப எங்கடா வெச்சுக்கினு இருந்த?" என்றார் நைனா, அதனிடமே.

அன்றைக்கு அது வலைப்பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சேலையை அவிழ்த்த பிறகும் போகவில்லை. களிம்பு அதன் வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது. ஒரு காலையில் பொருக்கு உதிர்ந்து, அடியில் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று புதுத்தோல் தெரிந்தது. போட்டோ அனுப்பினேன். டாக்டர், "செடிக்கு என் வணக்கம் சொல்லுங்க" என்று பதில் போட்டார்.

வாய் எட்டுகிற இலையையெல்லாம் அது தின்றுவிடத்தான் செய்கிறது. அதற்கும் எங்கள் வீட்டில் வழி இருந்தது. ஒரு டிரம் உள்ளே, ஒரு டிரம் வெளியே. உள்ளே இருப்பது மெலிந்ததும் வெளியே வந்து வெயிலில் தழைக்கும், மற்றது உள்ளே போகும். "ஏ ஷிப்டு எறங்குது, பி ஷிப்டு ஏறுது" என்று சொல்லிக்கொண்டே நைனா டிரம்மை உருட்டுவார். அத்தைகூட ஒருநாள் கேட்டுக்குள் இரண்டடி வந்து பார்த்துவிட்டு, "செடி நல்லாத்தான் வந்துகீது" என்றார். முதலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆடு மட்டும் வெளியே நிற்கிற ஷிப்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறது.

டிரம்முக்குள் வேர் எவ்வளவு நாள்தான் சுருண்டுகொண்டிருக்கும் என்பதுதான் இப்போது என் யோசனை. ஒரு கழியைக் கூண்டுக்கு வெளியே, தரையிலேயே நட்டால் என்ன? வேர் அதன் இஷ்டத்துக்கு மண்ணில் போகட்டும். கிளையை மட்டும் கூண்டுக்குள் வளைத்துவிடுவோம். தின்னத் தின்ன வெளியிலிருந்து மரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு வலையில் ஒரு வட்டம் வெட்ட வேண்டும். யானையே அசைக்க முடியாத கூண்டில் ஓட்டை போடச் சொன்னதும் நைனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு நாள் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நேற்று சாயங்காலம், கூண்டின் தெற்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் குழி தோண்டிவிட வேண்டும்.